வாட்டல் போதாது

கூரியர்ப் பெட்டியில் ஒரு மூலை நசுங்கியிருந்தது.
பர்லியாறு வளைவுகளில் ஏதோ ஒன்று
அதன்மேல் சாய்ந்தே வந்திருக்க வேண்டும்.
உள்ளே நான்கு இசைத்தட்டுகள், பிளாஸ்டிக் பிரியாமல்.
விலையை யாரிடமும் சொல்வதாக இல்லை.
"ஃபோன்ல சும்மா கிடைக்கிறதுக்கா?" என்பான் தம்பி எட்வின்,
தூளை முகர்ந்துவிட்டு
டீ குடித்தாயிற்று என்கிற ஆள்.

இன்று காலை ஏல மாதிரிகள் இருநூற்றுப் பத்து.
உறிஞ்சு, நாக்கில் உருட்டு, துப்பு, அடுத்தது.
பின்னால் நகரும் ஹாலன்
நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வருவார்:
வாட்டல் போதாது. புகை. தண்ணி.
பரவாயில்லை, எட்டு ரூபாய் கூட்டுங்க.
அந்த நாக்கோடுதான் வீட்டுக்கு வருகிறேன்.
காதுக்கென்று தனி நாக்கு கிடையாது எனக்கு.

முதல் தட்டு. நார்வேக்காரர் நால்வர்.
அட்டையில் பனி, பனியில் சாய்ந்த சைக்கிள்.
பனியைக் காட்டி என்னிடம் விற்க முடியாது,
ஜனவரியில் கேத்தியில் அம்மாவின் கேரட் வயலே வெள்ளை.
கிட்டார் சுத்தம். ஆஸ்பத்திரிச் சுத்தம்.
நிறம் உண்டு, மணம் உண்டு,
மூன்றாவது மிடறில் ஆளைக் காணோம்.
பக்கம் திருப்பவில்லை.

இரண்டாவது பாப். ஒரே பெண்.
வெட்கமில்லாத சர்க்கரை.
'தித்திப்பு அதிகம்' என்று எழுதும்போதே
கால் பெருவிரல்
கம்பளத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.
பஸ் நிலையக் கடையில் ஏலக்காய் தட்டிப்போட்டு
பாலில் கொன்று தரும் டீயை
தினமும் துப்பாமல் விழுங்குகிறேனே,
அதை எந்தப் பக்கத்தில் எழுதினேன்?
மூன்று முறை கேட்டேன்.

மூன்றாவது, மறுபடி ஒன்றுசேர்ந்த வயதான ராக் ஆட்கள்.
குரலில் பழைய கரகரப்பு,
கரண்டியால் அளந்து போட்ட கரகரப்பு.
போன வருட இலையைப் புது மூட்டையில் கட்டினால்
குத்திப் பார்க்காமலே தெரியும்.
டிரம்மர் மட்டும் பொய் சொல்லவில்லை.
ஆறாம் பாட்டில் ஓர் அடி தவறுகிறார்,
திருத்தாமல் விட்டிருக்கிறார்கள்.
அதற்காக விலையில் பாதியை மன்னித்தேன்.

நான்காவதைப் போட்டபோது மணி ஒன்பதரை.
போர்ச்சுகல் பெண்கள் மூவர்.
பேஸ் கிட்டார் இறங்கி வந்தது,
சிம்ஸ் பூங்கா பக்கம் ராத்திரி இறங்கும் காட்டெருமைபோல,
அவசரமில்லாமல், ரோடே தன்னுடையதாக.
குறிப்பேடு எங்கே என்று தேடவில்லை.
பாடகி எதையோ கேட்கப்போகிறாள், வாயெடுத்தாள்

கரண்ட் போனது.

தட்டு உடனே நிற்கவில்லை.
அவள் குரல் தடித்து, ஆணாகி, கிழவனாகி,
கிணற்றுக்குள் போய் உட்கார்ந்து
ம் என்றது.
தொழிற்சாலையின் வாட்டல் விசிறிகளும் நின்றுபோன குன்னூர்.
இத்தனை வருடம் அந்த இரைச்சலைத்தான்
அமைதி என்று நினைத்திருக்கிறேன்.
தகரத்தில் மழை, ஒவ்வொரு சொட்டாக.
கீழ்வீட்டு மரகதவல்லி
"அக்கா, மெழுகுவத்தி இருக்கா?" என்றாள்.
அதுவும் பாட்டில் ஒரு வரியோ என்று
பதில் சொல்லத் தாமதித்தேன்.
ஊசியைத் தூக்கவில்லை. ஸ்விட்சைத் தொடவில்லை.

நாற்பது நிமிடம்.

கரண்ட் வந்ததும் கிழவன் எழுந்தான்.
இழுபட்டு, ஏறி, முறுக்கிக்கொண்டு
இருபது வயதுப் பெண்ணாக வெளியே வந்து
கேட்க நினைத்ததைக் கேட்டாள்.
மொழி தெரியாது.
ஆமாம் என்றேன், சத்தமாகவே.

அப்புறம் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன்.
நல்ல பாட்டுதான். ஒழுங்கான பாட்டு.
நானே ஸ்விட்சை அணைத்தும் பார்த்தேன்.
குரல் தடித்தது, கிழவன் வரவில்லை.

திங்கட்கிழமை, எழுபத்தோராவது கோப்பை.
பெயர் கேள்விப்படாத சின்னத் தொழிற்சாலை.
உறிஞ்சினேன். உருட்டினேன்.
"என்னன்னு எழுத?" என்றார் ஹாலன், பேனாவோடு.
வாயில் வைத்துக்கொண்டே நின்றேன்.